பொன் விளையாத சீமையில் பொன் விசாரணை

பொன் விளையும் பூமி என்றால் நமக்குக் கோலார் நினைவுக்கு வரும். அந்தச் சுரங்கங்களையும் 2001-ஆம் ஆண்டில் மூடிவிட்டார்கள். பொன்னுக்கும் பெரம்பலூருக்கும் என்ன சம்பந்தம், பொன்னுக்கும் அரியலூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் "ஒரு சம்பந்தமும் இல்லை" என்றுதான் சொல்வார்கள். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அரியலூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அதை அரைத்துச் சிமெண்டு செய்கிறார்கள். ஒரு குந்துமணிப் பொன்கூட அங்கே பூமியிலிருந்து கிடைப்பதில்லை.

ஆனால், நகை என்றால் என்ன, எது உழைக்கும், எது பல்லை இளிக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெண்மணிகளுக்கு இந்த இரண்டு மாவட்டங்களைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். அக்காவின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். நகை வாங்க வேண்டும். இன்று பவுன் விற்கிற விலையில் நகைக்கடைக்குப் போவதற்கு முன் நாலு கோயிலுக்குப் போவதே நல்லது என்று அக்கா சொன்னாள். அப்படித்தான் கிளம்பினோம்.

முதலில் இந்த இரண்டு ஊர்களின் குடும்ப விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1995-ல் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2001-ல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. அடுத்த ஆண்டே மறுபடி சேர்ந்தது. 2007-ல் மீண்டும் தனிக்குடித்தனம் போயிற்று. பெரம்பலூரில் ரயில் கிடையாது. சென்னை-திருச்சி நெடுஞ்சாலைதான் அதற்கு வாசல். அரியலூருக்கு ரயில் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பஸ்ஸில் போனால் வழி நெடுகக் கரிசல் காடும், சுண்ணாம்புப் பாறை ஏற்றிய லாரிகளும்தான் காட்சி.

சிலம்புக்குள் என்ன?

பெரம்பலூருக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டிச் சிறுவாச்சூர் இருக்கிறது. அங்கே மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில்தான் திறந்திருக்கும். மற்ற நாட்களில் போனால் கதவைத்தான் தரிசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் எத்தனை கூட்டம், எத்தனை மாவிளக்கு!

மதுரையை எரித்துவிட்டுக் கோபம் தணியாமல் வந்த கண்ணகி, இந்தச் சிறுவாச்சூரில்தான் அமைதி அடைந்தாள், அவளே இங்கே காளியாக இருக்கிறாள் என்பது ஸ்தல ஐதீகம். கண்ணகி கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு நகை வழக்காக எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

அரண்மனைப் பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் தானே எடுத்துக்கொண்டு, பழியைக் கோவலன் மேல் போட்டான். இரண்டு சிலம்புகளும் வெளிப் பார்வைக்கு ஒன்று போல இருந்தன. அரசன் உள்ளே பார்க்கவில்லை. கண்ணகி வந்து "என் சிலம்புக்குள் மாணிக்கப் பரல்" என்று வாதாடினாள். "எங்கள் சிலம்புக்குள் முத்து" என்றான் அரசன். உடைத்தார்கள்; மாணிக்கம் தெறித்தது. ஒரு ராஜ்யமே போயிற்று.

சிலம்பு உள்ளே கூடாகச் செய்த நகை. அதற்குள் பரல் போட்டால்தான் ஒலிக்கும். கூடான நகையை வெளியே பார்த்து எடை போடக் கூடாது என்று இரண்டாயிரம் வருஷத்துக் கதை ஒன்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறது. நாமோ இன்றும் கடையில் மினுமினுப்பைப் பார்த்துவிட்டு, "பார்வையாக இருக்கிறதே!" என்று வாங்கி வந்துவிடுகிறோம்.

கல்லாகிப்போன மரம்

அம்மனைத் தரிசித்துவிட்டுச் சாத்தனூர் போனோம். பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள இந்தச் சிற்றூரில் ஓர் அதிசயம் படுத்திருக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட அடிமரம் போல இருக்கும். தொட்டால் கல்! ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் கடல் உள்ளே வந்திருந்த காலத்தில், மரம் மண்ணில் புதைந்து, அதன் நாரும் நரம்பும் போன இடத்தில் தாதுக்கள் வந்து உட்கார்ந்து, உருவம் மட்டும் மரமாகவும் உள்ளே முழுக்கக் கல்லாகவும் ஆகிவிட்டது. புவியியல் நிபுணர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதை உலகுக்கு அறிவித்தார். இப்போது வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள்.

"வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இது கவரிங் மரம்!" என்றாள் அக்கா. சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்தால், இந்தக் கல்மரம் மட்டும்தான் ஏமாற்றாத கவரிங். வெளியே பார்ப்பதைவிட உள்ளே இருப்பது கெட்டியாக இருக்கிறதே!

அரியலூர்க் கடைத்தெருவில்

அரியலூரில் ஒரு பழைய பத்தரைப் பார்த்தோம். சின்னப் பட்டறை. கும்முட்டி அடுப்பும் ஊதுகுழலும் ஒரு மூலையில் இருந்தாலும், இப்போது காஸ் பர்னர்தான் வேலை செய்கிறது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அக்கா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் காட்டினாள்.

"ஏன் ஐயா, இருபது வருஷத்துக்கு முன்னால் வாங்கினது. அப்போது மூன்று பவுன். போன மாதம் நிறுத்தால் அரைக்கால் பவுன் குறைகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?"

பத்தர் சங்கிலியை விரலில் ஓட்டிப் பார்த்தார். அதில் தொங்கிய நான்கு ஊக்குகளைச் சுட்டிக் காட்டினார்.

"கடைக்காரர் ஏமாற்றலைம்மா. இந்த ஊக்குதான் தின்னிருக்கு. ஊக்கு எஃகு; தங்கம் மெது. நீங்க நடக்க நடக்க அரம் போட்ட மாதிரி அறுத்துக்கிட்டே இருக்கும். பாருங்க, இந்த வளையம் நூல் மாதிரி ஆயிடுச்சு. இன்னும் ஆறு மாதம் போனா சங்கிலி எங்கேயாவது விழுந்திருக்கும்."

அக்கா அப்போதே ஊக்குகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். நம்மில் எத்தனை பேர் தாலிச் சங்கிலியையே ஊக்குப் பெட்டியாக வைத்திருக்கிறோம்!

தங்கத்துக்குத் துருப் பிடிக்காது, களிம்பு ஏறாது, மண்ணிலும் நீரிலும் அழியாது. அதற்கு ஒரே பகை உரசல். சுத்தத் தங்கம், அதாவது 24 காரட், மிகவும் மெதுவானது. ஒரு கிராம் தங்கத்தைத் தகடாக அடித்துக்கொண்டே போனால் ஒரு சதுர மீட்டர் அகலத்துக்கு விரியும். இவ்வளவு இளகிய உலோகத்தில் நித்தியப்படி போட்டுக்கொள்ள வளையல் செய்தால் ஒரு மாதத்தில் நெளிந்து போகும். அதனால்தான் செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள். கலப்படம் என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கலப்புத்தான் நகைக்கு முதுகெலும்பு.

கணக்கு இதுதான். சுத்தத் தங்கம் 24 பங்கு. அதில் 22 பங்கு தங்கமும் 2 பங்கு மற்ற உலோகமும் இருந்தால் 22 காரட். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதால் '916' என்கிறார்கள். 8 கிராம் கொண்ட ஒரு பவுன் நகையில் தங்கம் 7.33 கிராம். 18 காரட் என்றால் ஆயிரத்தில் 750. ஒரு பவுனில் 6 கிராம்தான் தங்கம். 14 காரட் என்றால் ஆயிரத்தில் 585. காரட் குறையக் குறைய விலை குறையும். நகையின் உறுதி கூடும். நிறம் மட்டும் சற்று வெளுக்கும் அல்லது சிவக்கும். வைரமும் கல்லும் பதித்த மோதிரங்களை 18 காரட்டில் செய்வதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் இளகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

நம் பெண்களுக்கு 14 காரட் என்ற பெயர் ஒரு காலத்தில் எட்டிக்காயாகக் கசந்தது. சீனப் படையெடுப்புக்குப் பின் 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராக இருந்தபோது, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. நாட்டுக்குள் தங்கம் கடத்தி வருவதைத் தடுப்பது நோக்கம். கல்யாண வீடுகள் தவித்தன. அதைவிட, பட்டறைகளை நம்பியிருந்த பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையின்றித் திண்டாடின. 14 காரட் விதி சில ஆண்டுகளில் போய்விட்டாலும், தங்கக் கட்டுப்பாடு 1968-ல் தனிச் சட்டமாகி, 1990-ல்தான் ரத்தாயிற்று. "எங்க அப்பா அந்த மூணு வருஷம் மரத்தச்சு வேலைக்குப் போனார்" என்றார் பத்தர். வேறொன்றும் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தங்கத்தின் விலை ஏறிய ஏற்றத்தில் இன்று மக்களே குறைந்த காரட்டைத் தேடிப் போகிறார்கள். 2025-ல் 9 காரட் நகைக்குக்கூட அரசாங்க முத்திரை உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். அதில் ஆயிரத்துக்கு 375 பங்குதான் தங்கம்.

கெட்டி, கூடு, அரக்கு

காரட் என்பது தங்கத்தின் தரம். நகையின் ஆயுள் அதைச் செய்த விதத்திலும் இருக்கிறது. பத்தர் எங்களுக்குப் பிரித்துச் சொன்னதை நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதல் ரகம் கெட்டி நகை. உள்ளும் புறமும் தங்கம். கெட்டி வளையல், கம்பி முறுக்கிய சங்கிலி, நெளி மோதிரம் போன்றவை. தேயும், ஆனால் தேய்வதற்குத் தங்கம் இருக்கிறது. உடைந்தால் பற்றவைக்கலாம். பாட்டி போட்டதைப் பேத்தி போடலாம்.

இரண்டாவது, கூடு நகை. மெல்லிய தகட்டை வளைத்து உள்ளே வெற்றிடமாகச் செய்வது. ஜிமிக்கியும் பெரிய குண்டு மணிகளும் பெரும்பாலும் இந்த ரகம். எடை குறைவு, பார்வை அதிகம். காதுக்கு இதுதான் சௌகரியம். கெட்டியாக ஜிமிக்கி செய்தால் காது தொங்கிப் போகும். ஆனால் அழுத்தினால் சப்பளிந்துவிடும். தகடு தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டால் ஒட்டுப் போடுவது சிரமம். கூடு வளையலை நித்தியப்படி போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்ப்பது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நெல் குத்துவது போல.

மூன்றாவது, உள்ளே அரக்கு அடைத்த நகை. தகடு சப்பளியாமல் இருக்க உள்ளே அரக்கை ஊற்றி நிரப்புவார்கள். அழகான வேலைப்பாடெல்லாம் இதில்தான் வரும். கல் பதித்த அட்டிகையிலும் ஒட்டியாணத்திலும் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும். இவற்றுக்கு ஆகாதது சூடு. அழுக்குப் போக வேண்டும் என்று கொதிக்கும் நீரில் போட்டால் அரக்கு இளகிக் கல் ஆடும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கல்லும் அரக்கும் போகத் தங்கம் எவ்வளவு?"

இது புதிய கேள்வி அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழன் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்ற கணக்கில், பொன் நிறுக்க 'ஆடவல்லான்' என்று ஒரு எடைக்கல், நகை நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்று ஒரு எடைக்கல்! கோத்த சரடு, சட்டம், செப்பாணி இவற்றையெல்லாம் நீக்கி நிறுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. சக்கரவர்த்தி கொடுத்த நகையையே அப்படிக் கண்டிப்பாக நிறுத்தார்கள். நாம் கடையில் கேட்கக் கூச்சப்படுவானேன்?

நான்காவது விஷயம், ஒட்டு. இரண்டு துண்டுகளைச் சேர்க்கப் பொடி வைத்து ஊதுவார்கள். அந்தப் பொடி நகையைவிடச் சீக்கிரம் உருக வேண்டும். அதனால் அதில் வேறு உலோகம் கலந்திருக்கும். ஒரு காலத்தில் காட்மியம் கலந்து பற்றவைத்தார்கள். 'கே.டி.எம். நகை' என்று பெருமையாக விளம்பரம் செய்ததும் அதைத்தான். ஆனால் காட்மியம் புகை அதை ஊதுகிற தொழிலாளியின் நுரையீரலுக்கு விஷம். முத்திரை நகைகளில் அதற்கு இடம் கிடையாது. நம் கழுத்து ஜொலிக்க ஒருவர் மூச்சு கெட வேண்டுமா, சொல்லுங்கள்!

முத்திரை என்றதும் அதையும் சொல்லிவிட வேண்டும். உரைகல் நல்ல சாதனம்தான். ஆனால் அது மேற்பரப்பைத்தான் சொல்லும். 2000-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரையை ஆரம்பித்தது. 2021 ஜூனிலிருந்து படிப்படியாக மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஹால்மார்க் நகையை ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளத்துடன்தான் கடைகள் விற்கலாம். நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: தர நிர்ணய அமைப்பின் முக்கோணச் சின்னம், காரட்டும் 916 போன்ற எண்ணும், அந்த ஆறு எழுத்து அடையாளம். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த ஆறையும் தட்டினால் நகையின் ஜாதகமே வரும். கண் தெரியவில்லை என்றால் கடைக்காரரிடம் பூதக்கண்ணாடி கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர் கடமை.

நந்திக்குக் கல்யாணம்

அரியலூருக்குத் தெற்கே, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி. சுந்தரர் திருவாலம்பொழிலில் தங்கியிருந்த இரவு, "மழபாடிக்கு வர மறந்தாயோ?" என்று சிவபெருமான் கனவில் கேட்டாராம். ஓடி வந்து பாடிய பதிகம் பொன்னைச் சொல்லித்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பாட்டைக் கேட்காத வீடு இருக்காது. அது பிறந்த ஊர் அரியலூர்ச் சீமையில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இந்த ஊரில் ஒவ்வொரு பங்குனியிலும் நந்திதேவருக்கும் சுயசாம்பிகைக்கும் திருக்கல்யாணம். நந்தி கல்யாணத்தைப் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு, கல்யாணம் தள்ளிப்போகும் பெண்ணையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் போனது பங்குனி அல்ல. கொள்ளிடத்துக் காற்று வாங்கிக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு அம்மாள். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம். பெண்ணுக்காக வேண்டிக்கொள்ள வந்திருந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு. அதில் திருமாங்கல்யம் மட்டும்.

"கொடி எங்கேம்மா?" என்று அக்கா கேட்டுவிட்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த அம்மாள் சங்கடப்படவில்லை. "சொசைட்டியில இருக்கு. விதைப்புக்கு வெச்சோம். சோளம் வீட்டுக்கு வந்தா கொடியும் வீட்டுக்கு வந்திடும். எங்க ஊர்ல எல்லார் கொடியும் வருஷத்துல நாலு மாசம் அங்கேதான் இருக்கும்" என்றார்.

வானம் பார்த்த பூமியில் நகை என்பது அலங்காரம் அல்ல. விதை, உரம், பள்ளிக்கூடச் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதுதான். நிலம் ஆண் பெயரில், வீடு ஆண் பெயரில். அவளுடையது என்று அவளே எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரே சொத்து அந்த நாலு பவுன். 2021-ல் தமிழ்நாட்டு அரசு, கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரை அடகு வைத்த தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கடன் தள்ளுபடி அறிவித்தபோது இத்தனை வீடுகளில் விளக்கு எரிந்ததற்குக் காரணம் அதுதான்.

இப்போது யோசியுங்கள். அடகுக்குப் போகும்போது மதிப்பீட்டாளர் கல்லைக் கழிப்பார், அரக்கைக் கழிப்பார். நாம் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் அங்கே பேச்சுக்கே வராது. பத்து பவுன் போல் தெரியும் கல் அட்டிகைக்குக் கிடைப்பதைவிட நாலு பவுன் கெட்டிச் சங்கிலிக்கு அதிகம் கிடைக்கலாம். கஷ்ட காலத்துக்கு நகை வாங்குகிற குடும்பம், வேலைப்பாட்டைப் பார்க்காமல் கெட்டியைப் பார்ப்பதுதான் விவேகம்.

மாளிகைமேட்டுக் காப்பு

கடைசியாகக் கங்கைகொண்ட சோழபுரம். ஜெயங்கொண்டம் தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்கு மேலே விமானம் தெரிகிறது. 55 மீட்டர் உயரம். தஞ்சை விமானம் நிமிர்ந்து நிற்கும் ஆண்பிள்ளை என்றால், இது மெல்ல வளைந்து ஏறும் பெண்பிள்ளை. கங்கை வரை படையனுப்பிய ராஜேந்திரன், கங்கை நீரைக் கொண்டுவந்து சோழகங்கம் என்ற பேரேரியை உண்டாக்கினான். அந்த ஏரிக்கு இன்று ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? பொன்னேரி!

ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த இந்த ஊரில், கோயிலைத் தவிர எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு. கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1980-களிலும், அண்மைக் காலத்திலும் தோண்டிப் பார்த்தது. செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், செப்புக் காசுகள், சீனப் பீங்கான் துண்டுகள், கண்ணாடி வளையல் துண்டுகள் எல்லாம் வந்தன. 2022-ல் ஒரு காப்பின் துண்டு கிடைத்தது. எடை 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு பவுன். என்ன காப்பு என்கிறீர்கள்? செம்புக் காப்பு. மேலே தங்க முலாம்!

இதைக் கேட்டதும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சோழ ராஜா அரண்மனையிலேயே கவரிங்கா!" என்றாள்.

ஆமாம். கவரிங் நேற்று வந்ததல்ல. மெல்லிய தங்கத் தகட்டைச் செம்பின் மேல் சுற்றி ஒட்டுவது பழங்கால உலகத்தில் ஒரு முறை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவது இன்னொரு முறை. மின்சாரத்தால் முலாம் பூசும் தொழில் 1840 வாக்கில் இங்கிலாந்தில் எல்கிங்டன் குடும்பத்தாரால் கடைத்தெருவுக்கு வந்தது. தங்கத் தகட்டை வேறு உலோகத்தோடு அழுத்திச் செய்த 'ரோல்டு கோல்டு' என்பதும் உண்டு. நமக்குச் சிதம்பரம் கவரிங் வந்தது. இன்று 'ஒரு கிராம் தங்க நகை' என்று அதற்கே புதுப் பெயர் வந்திருக்கிறது.

மண்ணில் பல நூறு ஆண்டு கிடந்த காப்பில் முலாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் கடையில் வாங்கிய கவரிங் வளையலோ ஆறு மாதத்தில் செம்பாகிப் பல்லை இளிக்கிறது. ஏன்? சோழன் தங்கம் உசத்தி, நம் தங்கம் மட்டம் என்பதல்ல. மண்ணுக்குள் அந்தக் காப்பை யாரும் போட்டுக்கொள்ளவில்லை! பாத்திரம் தேய்க்கவில்லை, வியர்வை படவில்லை, புடவை உரசவில்லை. முலாமுக்குக் காலம் பகை அல்ல, உரசல்தான் பகை. முலாமின் கனத்தை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். மலிவான கவரிங்கில் அரை மைக்ரான்கூட இராது. நம் தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே! அதில் எத்தனை நாள் தேய்க்க முடியும்?

அதனால் கவரிங் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். பஸ்ஸிலும் ரயிலிலும் போகும்போதும், திருவிழாக் கூட்டத்திலும், நவராத்திரிக்கு நாலு வீடு போகும்போதும் கவரிங் போல் நிம்மதி எதில் உண்டு? கொடியைச் சொசைட்டியில் வைத்த பெண் கல்யாண வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போக அதுதான் துணை. ராஜேந்திரன் ஊரிலேயே யாரோ ஒருத்தி, அல்லது ஒருவர், அதை அணிந்திருக்கிறார். நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது? கவரிங்கைக் கவரிங் என்று தெரிந்து, கவரிங் விலைக்கு வாங்கினால் போதும்.

எதற்கு எது?

பிரயாணத்தின் முடிவில் அக்கா தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டதை வாசகியருக்குத் தருகிறேன்.

தினமும் கழுத்திலும் கையிலும் கிடப்பவை கெட்டியாக, 22 காரட்டில் இருக்கட்டும். எடை குறைத்து வாங்கினாலும் பரவாயில்லை, கூடு வேண்டாம். சங்கிலியின் வளையங்களையும் கொக்கியையும் ஆண்டுக்கு ஒரு முறை பத்தரிடம் காட்டுங்கள். தோட்டின் திருகாணி மரை தேய்ந்து வழுக்கினால் உடனே மாற்றுங்கள். தொலையும் தோடுகளில் பாதி திருகாணியால் தொலைகிறது என்கிறார் பத்தர்.

கல் பதித்த மோதிரம் 18 காரட்டாக இருந்தால் உழைக்கும். விசேஷத்துக்கு மட்டும் போடும் அட்டிகை, ஒட்டியாணம், ஜிமிக்கி ஆகியவை அரக்கு நகையாகவோ கூடாகவோ இருக்கலாம். தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். ஒரே பெட்டியில் கொட்டி வைத்தால் ஒன்றை ஒன்று கீறும்.

கழுவுவதற்குப் பூந்திக்கொட்டை ஊறிய இளஞ்சூட்டுத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் ஆகாது. ஒட்டுப் போட்ட இடங்களை அரிக்கும். பாதரசம் பரம விரோதி. உடைந்த தெர்மாமீட்டரைத் தங்க மோதிரம் போட்ட கையால் தொட்டால் மோதிரம் வெள்ளி போல் வெளுத்துவிடும். சில மலிவான முகப்பூச்சுகளாலும் மோதிரமும் மூக்குத்தியும் வெளுத்துப் போவதுண்டு. அப்படி வெளுத்தால் நகையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் முகத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். அந்தப் பூச்சில் பாதரசம் இருக்கக்கூடும். அதைத் தூக்கி எறியுங்கள்.

ரசீதில் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் எடை, காரட், செய்கூலி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இவ்வளவையும் எழுதிக்கொண்ட அக்கா, பெண்ணுக்கென்று போட்டிருந்த பட்டியலில் இருந்த பெரிய கல் அட்டிகையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'கெட்டிச் சங்கிலி' என்று எழுதினாள். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'அட்டிகை - கவரிங்' என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பெரம்பலூர்ப் பக்கமோ அரியலூர்ப் பக்கமோ போகிறவர்கள் கோயிலைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கல்மரத்தையும் மாளிகைமேட்டையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். சிறுவாச்சூருக்கு மட்டும் திங்கள் அல்லது வெள்ளியாகப் பார்த்துப் போங்கள்.